77 மில்லிமீட்டர்



1987-ல் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி மஸ்டாங் ஜி.டி. காரை விற்றுக்கொண்டிருந்தது. ஐந்து லிட்டர் வி-8 இஞ்சின், 225 குதிரைத்திறன். டார்க் 300 பவுண்டு-அடி. நமக்குப் பழக்கமான கணக்கில் 407 நியூட்டன் மீட்டர். அந்த இஞ்சினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஐந்து கியர் பெட்டியின் பெயர் டி-5. போர்க்-வார்னர் கம்பெனியின் சரக்கு. அது எவ்வளவு டார்க் தாங்கும் என்று சொல்லப்பட்ட கணக்கு 265 பவுண்டு-அடி, அதாவது 359 நியூட்டன் மீட்டர்.

முன் வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். இஞ்சின் கொடுப்பது 300, பெட்டி தாங்குவது 265. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த இஞ்சினியர்கள் கழித்தல் கணக்குத் தெரியாதவர்கள் அல்ல. அந்தக் காரோடு வந்த சாதாரண டயர், கிளட்சைப் பட்டென்று விட்டால் தார்ச்சாலையில் வழுக்கிச் சுற்றும். டயர் வழுக்கினால் அதிர்ச்சியில் பெரும்பகுதி ரப்பர் புகையாகப் போய்விடும், பல்லுக்கு வந்து சேராது. வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தவர்களுக்கு டி-5 வருடக்கணக்கில் தொல்லை இல்லாமல் ஓடியது.

வினை சனிக்கிழமை ராத்திரியில் வந்தது. கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத்துக்குப் போகிற பையன், பின்சக்கரங்களில் மென்மையான பந்தய டயரை மாட்டினான். அது தரையைக் கவ்விக்கொண்டது. வழுக்க வேண்டியது வழுக்கவில்லை என்றால் வரிசையில் அடுத்து எது பலவீனமோ அதுதான் போகும். மூன்றாம் கியரின் பற்கள் போயின.

அதற்குப் பிறகு அந்தப் பையன் என்ன செய்தான் என்பதுதான் இன்றைய பேச்சு. டி-5 சுமார் 34 கிலோ எடை. முரட்டு ஆள் என்றால் ஒருவரே காருக்கு அடியிலிருந்து இறக்கிவிடலாம், நான் அதைச் சிபாரிசு செய்யவில்லை. அமெரிக்காவில் கூலிக்கு ஆள் வைப்பது நம் ஊரைப் போல அல்ல, பாகத்தின் விலையைவிடக் கூலி அதிகம். ஆகவே வீட்டையொட்டிய கார் ஷெட்டில், மேசையில் செய்தித்தாளை விரித்து, அவனே பிரித்தான். ஒருவன் செய்ததைப் பார்த்து இன்னொருவன் செய்தான். பிரித்ததோடு நிற்காமல், கம்பெனி கொடுத்ததைவிட வலுவாக மாற்றிக் கட்டவும் கற்றுக்கொண்டார்கள். நான் வேலை நிமித்தம் அந்தப் பக்கம் இருந்த காலத்தில் இந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

கியர்பாக்ஸை வலுவாக்குவது என்றதும் எல்லோரும் நினைப்பது நல்ல எஃகில் செய்த புதுப் பல்சக்கரங்களை வாங்கிப் போடுவது. என் கட்சி வேறு. பணத்தையும் பொறுமையையும் முதலில் போட வேண்டிய இடம், இரண்டு ஷாஃப்டுகளும் தத்தம் இடத்தை விட்டு அசையாமல் நிற்பது. அது சரியில்லை என்றால் எந்தப் பல்லும் நிற்காது.

ஏன் என்று சொல்ல, பெட்டிக்குள் கொஞ்சம் போய் வர வேண்டும். கிளட்சிலிருந்து வருவது இன்புட் ஷாஃப்ட். அதன் முனையில் உள்ள பல்சக்கரம் கீழே இருக்கும் லே ஷாஃப்டைச் சுற்றுகிறது. லே ஷாஃப்ட் ஒரே எஃகுத் துண்டில் வரிசையாகப் பல்சக்கரங்கள் வெட்டிய உருளை. அதன் ஒவ்வொரு சக்கரமும் மேலே மெயின் ஷாஃப்டில் உள்ள தன் ஜோடியோடு எப்போதும் கோத்தபடியே சுற்றிக்கொண்டிருக்கும். மேலே இருக்கிற ஜோடிகள் பெரும்பாலும் ஷாஃப்டின் மேல் சும்மா சுழல்கிறவை. நாம் கியர் போடும்போது உள்ளே நடப்பது ஒரு ஸ்லீவ் நகர்ந்து, அந்தச் சக்கரங்களில் ஒன்றை ஷாஃப்டோடு பூட்டுவது. பல்லைப் பல்லுக்குள் திணிப்பதெல்லாம் 1890-களில் பிரான்சில் கார் செய்த லெவாசர் காலத்துச் சமாச்சாரம். 1928-ல் காடிலாக் கார்களில், பூட்டுவதற்கு முன் வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோ வந்த பிறகு அந்தக் கரகரப்புக்கு மெல்ல விடை கிடைத்தது. முழுக்கக் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. பழைய அம்பாசிடரை ஓட்டியவர்கள் இங்கே இருப்பீர்கள். வண்டி முழுக்க நிற்பதற்கு முன்பு முதல் கியரைப் போட்டால் என்ன சத்தம் வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

டி-5-ல் இந்த மேல் ஷாஃப்டின் மையத்துக்கும் கீழ் ஷாஃப்டின் மையத்துக்கும் நடுவே உள்ள தூரம் 77 மில்லிமீட்டர். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பெரிய இஞ்சின்களுக்காக அதே போர்க்-வார்னர் செய்த ஆறு கியர் டி-56 பெட்டியில் அது 85. எட்டு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இன்புட் ஷாஃப்டில் 407 நியூட்டன் மீட்டர் வருகிறது. பல் கோக்கும் இடம் மையத்திலிருந்து 35 மில்லிமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வகுத்தால் 11,600 நியூட்டன் சொச்சம். எடையாகச் சொன்னால் ஒரு டன்னுக்கு மேல். இந்தச் சுமையை எந்த நேரமும் ஓரிரு பற்கள்தான் தாங்குகின்றன. அதுவும் இது முதல் ஜோடி மட்டும். முதல் கியரில் 3.35 மடங்கு பெருகி, மெயின் ஷாஃப்டில் 1,363 நியூட்டன் மீட்டராக வெளியே போகிறது. ஷாஃப்டுகள் தள்ளி இருந்தால் சக்கரங்கள் பெரிதாகும், ஆரம் கூடும், அதே டார்க்குக்குப் பல்லின் மேல் விழும் சுமை குறையும். அந்த எட்டு மில்லிமீட்டர் செய்யும் வேலை இதுதான்.

இதுவரை சொன்னது சுற்றும் விசை. இன்னொன்று இருக்கிறது. பல்லின் முகம் நேராக நிற்பதில்லை, சரிந்து நிற்கிறது, வழக்கமாக 20 டிகிரியை ஒட்டி. அதனால் ஒரு பல் இன்னொன்றைத் தள்ளும்போது, அந்த விசையில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாக, இரண்டு ஷாஃப்டையும் ஒன்றைவிட்டு ஒன்று விலக்குவதில் செலவாகிறது. நம் கணக்கில் 400 கிலோவுக்கு மேல். சத்தம் குறைய வேண்டும் என்பதற்காகப் பற்களைச் சாய்த்து வெட்டியிருக்கிறார்களே, அதனால் மூன்றாவதாக ஒரு விசை ஷாஃப்டை நீளவாக்கில் முன்னும் பின்னும் தள்ளும்.

கரும்புச்சாறு பிழிகிற எந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். கட்டை நன்றாக இருக்கும், ஆனால் அதன் அச்சைத் தாங்குகிற புஷ் தேய்ந்திருந்தால், கரும்பு உள்ளே போனதும் இரண்டு உருளைகளும் விலகிக் கொடுத்துவிடும், சக்கையில் பாதிச் சாறு தங்கிவிடும். கியர்பாக்ஸில் நடப்பதும் அதேதான். இங்கே தப்பிப்பது சாறு அல்ல, பல்லின் பிடி. ஷாஃப்டுகள் விலகினால் பல் பல்லோடு முழு ஆழத்துக்குக் கோக்காது, நுனியில் தொடும். நுனியில் தொட்டால் பல்லின் அடிவேரில் விழும் வளைப்பு கூடுகிறது. ஒரே நேரத்தில் சுமை தாங்கும் பற்களும் குறைகின்றன. 359 தாங்கும் என்று சொன்ன பெட்டி, பேரிங் தேய்ந்த பிறகு எவ்வளவு தாங்கும் என்று யாரும் தகடு அடித்து ஒட்டுவதில்லை.

மூன்றாம் கியர் அதிகம் போவதற்கு இரண்டு காரணம். ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகள் இரண்டு முனைகளிலும் இருக்கின்றன. மூன்றாம் கியர் அவற்றைவிட்டுத் தள்ளி, ஷாஃப்ட் அதிகம் வளைந்து கொடுக்கிற நடுப்பகுதியில் இருக்கிறது. இரண்டாவது காரணம் மனுஷன். பந்தயத்தில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றுவது, ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுக்காமல் ஒரே அறையாக அறைவது. அந்த ஒரு நொடியில் ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் சுழற்சி எல்லாம் சம்மட்டியாக வந்து விழும்.

இதோ மேசையில் ஒரு மூன்றாம் கியர் கொண்டுவந்திருக்கிறேன். மூன்று பற்கள் இல்லை. உடைந்த முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒன்று தெரியும். பல்லின் அடியில் ஒரு ஓரத்தில் மங்கலான, வழவழப்பான பகுதி, அதில் வளைவு வளைவாக மெல்லிய கோடுகள். மீதி முழுக்க மணல் மணலாக, பளிச்சென்று. மங்கலான பகுதி மெதுவாக விரிந்த விரிசல். ஒவ்வொரு முறை சுமை ஏறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. பளிச்சென்ற பகுதி கடைசி நாள், ஒரே நொடியில் பிய்ந்தது. இந்தப் பல் அன்றைக்கு ராத்திரி உடையவில்லை, அதற்கு வெகு நாள் முன்பே உடைய ஆரம்பித்துவிட்டது. புதிதாக உடைந்தது என்று கார்க்காரர் சத்தியம் செய்தாலும் நம்பாதீர்கள்.

சூட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். டி-5-ன் வெளிக்கூடு அலுமினியம், உள்ளே இருப்பது எஃகு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பேரிங்குகளுக்கு நடுவே 200 மில்லிமீட்டர் என்று வையுங்கள். பெட்டி 80 டிகிரி சூடேறினால் கூடு ஷாஃப்டைவிட ஏறக்குறைய 0.17 மில்லிமீட்டர் அதிகமாக நீளும். மேசையில் குளிர்ந்திருக்கும்போது அரைகுறையாக விட்ட ஆட்டம், ஓடும்போது அதோடு இந்த 0.17-ஐயும் சேர்த்துக்கொள்ளும். ஷாஃப்டுகளின் நடுவே உள்ள நம் 77 மில்லிமீட்டரும் இதேபோல் சற்று அகலும். பல்லின் பிடி விட்டுப் போவதற்கான வழியைச் சூடே கொஞ்சம் போட்டுக் கொடுக்கிறது.

சரி, பெட்டியைப் பிரிப்போம்.

முதலில் அது எது என்று தெரிய வேண்டும். பெட்டியின் பின்கூடான டெயில் ஹவுசிங்கின் ஒரு போல்ட்டில் சின்னத் தகடு தொங்கும், 1352 என்று தொடங்கும் எண்ணோடு. எந்தக் காருக்கு, எந்தப் பல் விகிதத்தில் செய்தது என்பதை அந்த எண் சொல்லிவிடும். 1985-லிருந்து மஸ்டாங் வி-8 கார்களில் வந்தது 'வேர்ல்ட் கிளாஸ்' என்று பெயர் வைத்த திருத்திய டி-5. அதில் மெயின் ஷாஃப்டின் கியர்கள் நீடில் பேரிங்கின் மேல் சுழலும், லே ஷாஃப்டின் இரண்டு முனையிலும் டேப்பர் பேரிங். முந்தைய வகையில் இவை இல்லை. பழைய பெட்டியைக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள் என்றால் தகட்டைப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

ஆயிலை வடிக்கும்போதே பாதி நோய் தெரிந்துவிடும். இந்தப் பெட்டியில் ஊற்றுவது கெட்டியான கியர் ஆயில் இல்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றுகிற சிவப்பு ஆயில், 2.65 லிட்டர். வெள்ளைத் தட்டில் பிடித்து ஒரு காந்தத்தை விட்டுக் கலக்குங்கள். காந்தத்தில் மைபோல் கறுப்பாக ஒட்டினால் அது வழக்கமான தேய்மானம். நகக்கீறல் அளவு துணுக்கு ஒட்டினால் எங்கோ பல் போயிருக்கிறது. காந்தத்தில் ஒட்டாமல் ஆயிலில் பொன் நிறமாக மினுமினுத்தால் பித்தளை, சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. வடித்த ஆயிலைக் கீழே ஊற்றுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

பிரிக்கும் வரிசையை முழுக்கச் சொன்னால் மத்தியானச் சாப்பாடு ஆறிவிடும், அதற்கு சர்வீஸ் புத்தகம் இருக்கிறது. அதில் எழுதியிருந்தும் ஆட்கள் தடுமாறுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன். கியர் கைப்பிடி உட்காரும் லீவரை ஒரு ரோல் பின் பிடித்திருக்கும். அளவான பஞ்ச் இல்லாமல் ஆணியை வைத்துத் தட்டினால் பின் விரிந்து அங்கேயே செத்துப் போகும். லீவரைத் தூக்கும்போது அடியில் ஒரு சின்னக் குண்டும் ஸ்பிரிங்கும் காத்துக்கொண்டிருக்கும், கையை மேலே வைத்துக்கொண்டு தூக்குங்கள். மேல்மூடிக்கு கேஸ்கட் கிடையாது, சீலன்ட் போட்டு ஒட்டியது. ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பினால் அலுமினியத்தில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியாக ஆயுள் முழுக்க ஆயில் கசியும். ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால் போதும்.

இன்புட் ஷாஃப்ட் வெளியே வர மறுக்கும். இழுக்காதீர்கள், சுற்றிப் பாருங்கள். அதன் பல்வரிசையில் ஓரிடம் தட்டையாக விடப்பட்டிருக்கும். அந்தத் தட்டை கீழே லே ஷாஃப்டைப் பார்த்து நிற்கும்போது மட்டும் வழி கிடைக்கும். வெளியே வந்ததும் அதன் பின்குழியிலிருந்து உதிரி உருளைகள் சிதறும். மொத்தம் 15. சிறியவை. அந்தக் குழிக்குள்தான் மெயின் ஷாஃப்டின் மூக்கு சுழல்கிறது. தரையில் உருண்டதில் ஒன்று கிடைக்கவில்லை என்றால் அது பெட்டிக்குள்தான் கிடக்கிறது என்று வைத்துத் தேடுங்கள். பதினான்கோடு மூடியவர்களின் பெட்டி என்ன ஆனது என்று நான் வர்ணிக்க வேண்டியதில்லை. திரும்பக் கோக்கும்போது குழியில் வாசலைனைத் தடவி ஒவ்வொன்றாக ஒட்டி நிறுத்துங்கள். கெட்டி கிரீஸைவிட அது நல்லது, ஓட ஆரம்பித்ததும் ஆயிலில் கரைந்துவிடும்.

மெயின் ஷாஃப்டின் பின்பக்கம் ஐந்தாம் கியர் இறுக்கமாக ஏற்றியிருக்கும். அதற்குப் புல்லர், பேரிங்குகளுக்கு பிரெஸ். சுத்தியல் இந்த வேலைக்கு ஆகாது. பழைய பேரிங்கை பிரெஸ்ஸில் தள்ளும்போது அதன் வளையம் வெடித்துத் துண்டு பறக்கக்கூடும், கண்ணாடி இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். புது பேரிங்கை ஏற்ற எளிய வழி, பேரிங்கை நூறு டிகிரிக்குக் கொஞ்சம் மேல் சூடாக்கி, ஷாஃப்டை ஃபிரிட்ஜில் குளிர வைப்பது. தானாக வழுக்கி உட்காரும். வீட்டில் சாப்பாடு வைக்கிற ஃபிரிட்ஜ் என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்குவது உங்கள் பொறுப்பு.

எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்த பிறகு, அவசரப்படாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டிய நேரம். கியர்களின் பெரிய பல்லை எல்லோரும் பார்ப்பார்கள். அதன் பக்கவாட்டில் ஸ்லீவ் வந்து பூட்டுகிற சின்னப் பற்கள் இருக்கின்றன, அவற்றைப் பாருங்கள். நுனி கூராக, வீட்டுக் கூரை வடிவில் இருக்க வேண்டும். மழுங்கி உருண்டிருந்தால் அந்த கியர் ஓட்டத்தில் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துகொண்டிருந்திருக்கும். சிங்க்ரோ ரிங்கை அதன் கூம்பில் வைத்து அழுத்தி, ரிங்குக்கும் கியருக்கும் நடுவே ஃபீலர் கேஜை விடுங்கள். இடைவெளி புத்தகத்தில் உள்ள அளவுக்குக் கீழே போயிருந்தால் ரிங் முடிந்தது. ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க்கின் முனையில் பிளாஸ்டிக் திண்டு இருக்கும், அது தேய்ந்தால் ஸ்லீவ் முழுத் தூரம் போகாது. விலை ரொம்பக் குறைவு, பழையதைத் திரும்பப் போடுவது கஞ்சத்தனம். திரும்பப் பயன்படுத்த நினைக்கும் கியர்களுக்குச் சாயம் போட்டு விரிசல் பார்க்கும் ஸ்பிரே கிடைக்கிறது. சிவப்புச் சாயத்தை அடித்து, துடைத்து, வெள்ளைப் பொடியை அடித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் சிவப்புக் கோடாக மேலே வரும். மேசையில் உள்ள இந்த கியருக்கு யாராவது முன்பே அதைச் செய்திருக்கலாம்.

சிவப்பு ஆயில் என்று சொன்னேன் அல்லவா, அதை இங்கே முடித்துவிடுகிறேன். சிங்க்ரோ ரிங் செய்வது, வேகம் வேறுபட்டுச் சுழலும் இரண்டு பாகங்களை உராய்வால் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது. உராய்வு வேண்டுமென்றால் நடுவே உள்ள ஆயில் படலம் கண நேரத்தில் பிதுங்கி விலக வேண்டும். மெல்லிய ஆயில் விலகும், கெட்டி ஆயில் விலகாது. வேர்ல்ட் கிளாஸ் பெட்டியின் ரிங்குகளில் உராய்வுப் பூச்சு இருக்கிறது, அது மெல்லிய ஆயிலுக்கென்றே அமைந்தது. 'சத்தம் வருகிறது, கெட்டி ஆயில் ஊற்றினால் அடங்கும்' என்று யோசனை சொல்ல எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார். சத்தம் அடங்கலாம், கியர் விழுவது கடினமாகும், ரிங் சீக்கிரம் போகும்.

இனி என் கட்சிக்கு வருகிறேன், ஷிம்.

டேப்பர் பேரிங் கூம்பு வடிவம். அதன் வெளிவளையத்தை உள்ளே தள்ளினால் ஆட்டம் குறையும், வெளியே விட்டால் ஆட்டம் கூடும். எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வளையத்துக்குப் பின்னால் வைக்கும் மெல்லிய எஃகு வளையங்கள், அவைதான் ஷிம். மேல் ஷாஃப்டுக்கு முன்பக்க பேரிங் ரிட்டெய்னரின் உள்ளே வைப்பார்கள். லே ஷாஃப்டுக்கும் தனியாக உண்டு. பழைய பெட்டியில் இருந்த ஷிம்மையே திரும்பப் போட்டு மூடுவதுதான் வீட்டு வேலையில் நடக்கும் பெரிய சோம்பேறித்தனம். புது பேரிங்கின் உயரம் பழையதைப் போலவே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

செய்முறை இது. ஷிம் இல்லாமல் கோத்து, ரிட்டெய்னரை முறுக்குங்கள். பேரிங்குகள் ஒழுங்காக உட்கார ஷாஃப்டைப் பல சுற்றுகள் சுற்றுங்கள், சுற்றாமல் எடுக்கும் அளவு பொய் சொல்லும். காந்தக் காலில் நிற்கிற டயல் கேஜின் முனையை ஷாஃப்டின் நுனியில் தொட வைத்து, சுழியில் நிறுத்துங்கள். ஷாஃப்டை முன்னும் பின்னும் தள்ளினால் முள் எவ்வளவு நகர்கிறதோ அதுவே ஆட்டம். அதிலிருந்து புத்தகம் அனுமதிக்கும் அளவைக் கழித்தால் தேவையான ஷிம்மின் தடிமன். நாம் பேசிக்கொண்டிருப்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மில்லிமீட்டரில் 0.025. தலைமயிர் இதைவிடத் தடிமன். ஷிம்மைப் போட்ட பிறகு மறுபடி அளக்க வேண்டும், கையால் சுற்றியும் பார்க்க வேண்டும். இறுக்கம் அதிகமானால் பேரிங் சூடேறிப் போகும், தளர்ந்தால் நான் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் நடக்கும். அளவு சரியாக வரும்வரை மறுபடி மறுபடி பிரித்துக் கோப்பது அலுப்பான வேலை. வலுவாக்கும் வேலையில் இதற்கு இணையாக வேறொன்றும் இல்லை, செலவும் ஷிம் பொட்டலத்தின் விலைதான்.

கடையில் வாங்கிப் போடக்கூடிய பாகங்களில் நான் முதலில் வாங்கச் சொல்வது இரண்டு. கம்பெனி ரிட்டெய்னரின் நீண்ட மூக்கு அலுமினியம், அதன் மேல்தான் கிளட்ச் ரிலீஸ் பேரிங் ஓடி ஓடிப் பள்ளம் விழுகிறது. எஃகில் கடைந்த ரிட்டெய்னர் அந்தத் தேய்மானத்தை நிறுத்தும், முன் பேரிங்கையும் இறுக்கமாகப் பிடிக்கும். அடுத்தது லே ஷாஃப்டின் பின் பேரிங்கைப் பிடிக்கும் தகடு. கம்பெனி கொடுத்தது மெல்லிய அச்சுத் தகடு, சுமையில் வளைந்து கொடுக்கும். அதற்குப் பதில் தடித்த எஃகுத் தகடு கிடைக்கிறது. இரண்டுமே ஷாஃப்டை இடத்தில் நிறுத்துகிற பாகங்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அதன் பிறகுதான் பல்சக்கரங்கள். கம்பெனியே நடந்து வந்த பாதை இதில் உதவும். 1990-ல் எஃகையும் சிங்க்ரோவையும் மேம்படுத்தி, தாங்கும் அளவை 265-லிருந்து 300-க்கு உயர்த்தினார்கள். பிறகு வந்த 'இசட்' வகைப் பெட்டி 330, அதாவது 447 நியூட்டன் மீட்டர். அதில் முதல் கியர் 3.35 அல்ல, 2.95. புறப்படும்போது டார்க் அவ்வளவு பெருகுவதில்லை, பல்லின் மேலும் பின்னால் உள்ள ஷாஃப்டின் மேலும் அதிர்ச்சி குறைகிறது. புறப்பாடு கொஞ்சம் மந்தமாகும். தெருவில் ஓட்டுகிறவருக்கு அந்தப் பேரம் லாபம் என்பது என் எண்ணம், பந்தயக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நேர்ப்பல் வெட்டிய கியர்களும் விற்கின்றன. நீளவாக்கில் தள்ளும் விசை அவற்றில் இல்லை என்பதால் நன்றாகத் தாங்கும். ஆனால் காருக்குள் பக்கத்தில் உட்கார்ந்தவரோடு பேச முடியாது.

பெட்டியைக் காரில் ஏற்றும்போது இரண்டு எச்சரிக்கை. பெல் ஹவுசிங்கின் துளை கிராங்க் ஷாஃப்டின் மையத்தோடு நேராக இருக்கிறதா என்று டயல் கேஜை ஃப்ளைவீலில் பொருத்தி முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். முள்ளின் மொத்த அசைவு கால் மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மையம் தள்ளிய டவல் பின் கிடைக்கிறது, அதை மாற்றி நேர்ப்படுத்தலாம். இதைச் செய்யாமல் ஏற்றினால் இன்புட் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும், நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த ஷிம் வீண். இரண்டாவது, பெட்டி கடைசி அங்குலம் உள்ளே போக மறுத்தால் போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள். கிளட்ச் பிளேட் மையத்தில் இல்லை என்று அர்த்தம். முறுக்கினால் அலுமினியக் காது உடையும்.

எத்தனை திருத்தினாலும் கூடு அதேதான், நடுவே 77 மில்லிமீட்டர்தான். இஞ்சினுக்கு டர்போ வைத்து டார்க்கை இரண்டு மடங்காக்கிக்கொண்டு, டி-5-ஐ வலுப்படுத்த என்ன வழி என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் வழி சொல்வதில்லை. அவர்களுக்காக 1990-களிலேயே மெக்சிகோவின் டிரெமெக் கம்பெனி 3550 என்று பெரிய பெட்டியைக் கொண்டுவந்தது. டி-5 தயாரிப்பும் போர்க்-வார்னரிடமிருந்து பிறகு அதே டிரெமெக் கைக்குப் போயிற்று. ஃபோர்டும் 1996-ல் மஸ்டாங் ஜி.டி.க்கு டி-45-ஐ எடுத்துக்கொண்டது. அளவோடு வலுவேற்றிய இஞ்சின், தெருவில் ஓடுகிற டயர், பட்டென்று கடிக்காத கிளட்ச், இந்த எல்லைக்குள் இருப்பவருக்குத்தான் வீட்டில் கட்டிய டி-5.

கட்டி முடித்த பெட்டியை முதல் சில நூறு மைல் அடக்கமாக ஓட்டுங்கள். ஒவ்வொரு கியருக்கும் மாறும்போது லீவரை அறையாமல் கொண்டுபோய் விடுங்கள், புது ரிங்குகள் கூம்போடு பழக வேண்டும். பிறகு ஆயிலை வடித்து, அதே வெள்ளைத் தட்டில் பிடியுங்கள். கொஞ்சம் கறுப்பும் லேசான மினுமினுப்பும் இருக்கும், கவலை வேண்டாம். துணுக்கு எதுவும் இல்லை என்றால் புது ஆயில் ஊற்றி ஓட்டலாம். துணுக்கு இருந்தால் அன்றைக்கே பெட்டியை இறக்குங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். உடைந்த கியரைக் கையில் எடுத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் மேடைக்கு வாருங்கள், ஓரம் கூர்மையாக இருக்கிறது, கவனம்.